தெருவே சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை

சலவைக் கூடத்தில் விரிப்புகள் மடிக்கும் பெண், கருவுற்றிருந்த காலம் முழுவதும் ஒரு கவளம்கூட வயிற்றில் தங்காமல், தெருக்காரர்கள் சாப்பிட்டதிலேயே எடை கூடினாள். மடிப்புக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வந்தது; தண்ணீர்கூட நிற்கவில்லை. முன்பு இரண்டு பிள்ளைகள் குறைமாதத்திலேயே போய்விட்டதால், பூட்டு பழுதுபார்க்கும் அவள் கணவன் கடையைப் பாதிநாள் சாத்திவிட்டு வாளியும் துண்டுமாக அவள் பக்கத்திலேயே கிடந்தான். சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா எடை பார்த்தபோது முள் போன மாதத்தைத் தாண்டி நின்றது. கருவியைத் தட்டிப் பார்த்தார், தானே ஏறி நின்றும் பார்த்தார். கருவியில் கோளாறு இல்லை.

“என்னம்மா சாப்பிட்டே?”

“எனக்கு ஒண்ணும் இறங்கலை நர்ஸம்மா. எதிர்வீட்டுல முட்டை அவிச்சுத் தின்னாங்க, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்.”

எதிர்வீட்டில் இருந்தவர் தச்சரின் மனைவி. கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதில் அவருக்கும் மடிப்புக்காரிக்கும் தகராறாகி, பேச்சு நின்றே சில வருஷங்கள் ஆகியிருந்தன. நர்ஸம்மா வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நான் திங்கிறது அவ வயித்துக்குப் போகுதா? நல்லாயிருக்கே கதை!” என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் வீம்புக்குப் பட்டினி கிடந்தார். சாயங்காலம் மடிப்புக்காரி மயங்கி விழுந்துவிட்டாள் என்று காதில் விழுந்ததும் பதறி எழுந்து, அடுப்படியில் நின்றபடியே ஒரு டம்ளர் பாலை மடமடவென்று குடித்தார். எதிர்வீட்டில் மயங்கிக் கிடந்தவள் கண்ணைத் திறந்து, “சர்க்கரை போடலை போலிருக்கே” என்றாள். அதற்குப் பிறகு கழிவுநீர் தன் இஷ்டத்துக்கு ஓடியது.

மாதம் ஏற ஏற, தச்சர் வீட்டுச் சாப்பாடு மட்டும் போதவில்லை. மற்ற வீடுகளில் தின்றதும் அவளுக்கு வந்துசேரத் தொடங்கியது. நர்ஸம்மா தெருவுக்கே பத்தியம் சொன்னார். கீரை, பருப்பு, மீன், வேர்க்கடலை என்று வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரையைத் தச்சர் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு தினமும் விழுங்கினார். சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் பொழுது சாயும்வரை மடிப்புக்காரியின் வயிற்றில் குழந்தை அசையவில்லை. பிறகு அது லேசாக உதைத்தது என்று தெரிந்தபோது அவர் கடை வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அன்றோடு குடியை விட்டார். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வீடுகளுக்குள் நடந்தது. அந்தத் தெருவில் பெண்கள் கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம். ஆறியதும் மிஞ்சியதும்தான் அவர்களுக்கு. ஆறிப்போன சோறு மடிப்புக்காரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் இப்போது அவர்கள் முதலில் உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட வேண்டியதாயிற்று. ஆண்கள் பரிமாறக் கற்றுக்கொண்டார்கள். தச்சர் கரண்டியை உளி பிடிப்பதுபோலப் பிடித்தார், ஆனாலும் சிந்தாமல் போட்டார்.

பெண் குழந்தை நிறைமாதத்தில், கொழுகொழுவென்று பிறந்தது. தொப்புள்கொடியை அறுத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று தெரு நினைத்தது. ஆனால் குழந்தையின் தொடையில் தடுப்பூசி போட்ட அதே நிமிஷம் தச்சர் சுத்தியலைத் தவறவிட்டார், சைக்கிள் கடைக்காரர் “ஐயோ” என்று தொடையைப் பிடித்துக்கொண்டார், சலவைக் கூடத்தில் நீராவிக்கு நடுவே நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றிரவு தெருவில் எல்லோருக்கும் லேசான காய்ச்சல். குழந்தை மட்டும் நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியபோது சைக்கிள் கடைக்காரர் மெல்ல இழுத்தார். “கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா என்ன? எனக்கு இன்னும் கால் கடுக்குது.”

“யோவ், அந்தப் பச்சப்புள்ள ஒண்டியா தாங்கவேண்டியதை நாம பங்கு போட்டுத் தாங்குறோம். இதுக்குப் போய் மூக்கைச் சிந்துறியே!” என்றார் தச்சர் மனைவி.

அதோடு, நர்ஸம்மாவைக் கண்டால் பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகளும் வழிக்கு வந்தன. எப்படியும் வலிக்கத்தான் போகிறது, நம் பிள்ளைக்கும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷ வெயிலில் தட்டம்மை வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார்கள். அதற்கும் இந்தத் தெருவே போய் அழுதது. இங்கே எந்தப் பிள்ளைக்கும் ஒரு தடிப்புகூட வரவில்லை.

வெயில் தணிந்த பிறகு மடிப்புக்காரி, வெள்ளை வெளேரென்று வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று அதை நீட்டினாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“எனக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்றார் தச்சர் மனைவி. “கல்யாணமான நாள்லேருந்து சட்டியில ஒட்டினதைத்தான் சுரண்டித் தின்னேன். உனக்கு மட்டும் வாந்தி வரலேன்னா, என்னை யாரு உக்கார வெச்சு சோறு போட்டிருப்பா? நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்.” சொல்லிவிட்டு விரிப்பின் ஒரு பக்கத்து முனைகளை இரண்டு கையாலும் பிடித்தார். மறுபக்கத்தை மடிப்புக்காரி பிடித்தாள். இருவரும் உதறி, நெருங்கி வந்து மடித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கருவுற்ற எல்லோருக்கும் அப்படியே நடந்தது. வருஷங்கள் கழித்து நர்ஸம்மா ஓய்வுபெற்று, புதிதாக ஒரு சின்னப் பெண் வேலைக்கு வந்தாள். ஊசி போடும் நாளில் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வளர்ந்த ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“இவங்கெல்லாம் யாரு? எதுக்கு வந்திருக்காங்க?”

“புள்ளையோட சொந்தக்காரங்க” என்றாள் மடியில் குழந்தையை வைத்திருந்த தாய்.

புது நர்ஸ் அவர்களையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மருந்தை ஏற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டி, “போடட்டுமா?” என்று கேட்டாள். “போடும்மா” என்றார்கள் அத்தனை பேரும், தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே.