அருள்நாதனைக் கூப்பிடாத காலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்து முடித்த இளைஞர்களுக்கு உலக நீதிமன்றத்தில் ஓராண்டுப் பயிற்சி என்ற அறிவிப்பைப் படித்தபடியே தூங்கிப்போனேன். கனவில் ராயபுரம் வந்தது. வருஷம் 1954. (அப்போது அப்படியொரு பயிற்சி இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கனவைக் கேளுங்கள்.)

2

விழித்ததும் அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'மீனவர் இன்னாசியின் மகன் அருள்நாதன், குப்பத்தின் முதல் வக்கீல், கப்பலேறும் காலையில் கடல் ஒரு...'

வேண்டாம். கடலை வர்ணிக்க ஆரம்பித்தால் நான் கரையேற மாட்டேன்.

அருள்நாதன் துறைமுகத்துக்கு நடக்கிறான். ஹேக் நகரத்து உலக நீதிமன்றம்* அனுப்பிய கடிதம் வீட்டிலேயே கிடக்கிறது. ஆசீர்வாதத்துக்காக மாதா படத்தடியில் வைத்தார்கள், அங்கேயே மறந்துவிட்டார்கள். அதைக் காட்டாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

(*நாடுகள் கடலுக்காகச் சண்டை போட்டால் தீர்த்துவைக்கும் இடம். நம் குப்பத்துப் பஞ்சாயத்து மாதிரிதான் என்று அப்பாவுக்கு விளக்கியிருந்தான்.)

3

இன்னாசியை முதலில் பொல்லாதவராக எழுதினேன்: மகனைப் பிரிய மனமில்லாமல் கடிதத்தை ஒளித்துவைக்கிறார். அடித்துவிட்டேன். அந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை. இதோ, கடிதத்தோடு பனிமூட்டத்தில் மகனுக்கு இருபதடி பின்னால் நடக்கிறார். கூப்பிடவில்லை.

மீன்கூடையோடு எதிரே வந்த கெங்கம்மா கேட்டாள்: "இன்னாண்ணே, புள்ள அதோ போய்க்கினு கீறான். ஒரு கொரல் குட்த்தா இன்னா?"

"கடலுக்குப் போறவன பின்னால கூப்புடலாமா?"

"அவன் இன்னா மீன் புட்க்கவா போறான்?"

"கப்பலும் தண்ணி மேலதாம்மே போவுது."

கெங்கம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். தன் தம்பியை ஒரு காலையில் அப்படிக் கூப்பிட்டவள் அவள். அன்று கட்டுமரம் மட்டும்தான் கரைக்கு வந்தது.

4

ஓடி முந்தலாமே என்பீர்கள். மூன்றாவது வரைவில் ஓடவிட்டேன். முட்டிவலிக்காரர், பாதி வழியில் கல்மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான்காவதில் மகன் தானாகத் திரும்பினான். நம்பும்படி இல்லை. புறப்பட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனைப் பழக்கியவரே இன்னாசிதான்.

5

நானே கூப்பிட்டிருப்பேன். ஆனால் நானும் அந்தக் குப்பத்தில் பிறந்தவன். வெறும் காகிதத்தில் எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

துறைமுக வாசல் வந்துவிட்டது. கப்பல் சங்கு ஊதுகிறது. இன்னாசி கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்கிறார். அவர் உதடு அசைகிறது, குரல் வரவில்லை.

நீங்கள் வேறு ஊர்க்காரர். உங்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. கெங்கம்மாவின் தம்பியை மறந்துவிட்டு உங்களால் கூப்பிட முடியுமானால், அவன் பெயர் அருள்நாதன்.