இரண்டாயிரத்து நானூறு பூட்டுக்கு நாலு வரி

நாற்காலியை விட்டு எழாமல், கையில் ஒரு சாவியும் இல்லாமல், ஐந்நூறு மைலுக்கு அப்பால் கிடந்த இரண்டாயிரத்து நானூறு பூட்டுகளை ஒரே மத்தியானத்தில் திறந்தவள் பூட்டுத் தொழிற்சாலையின் கடிதக்காரி. திருடர்கள் கேள்விப்பட்டிருந்தால் வரிசையில் வந்து காலில் விழுந்திருப்பார்கள். போலீஸ்காரர்கள் கேள்விப்பட்டிருந்தால் அவளுடைய தட்டச்சு இயந்திரத்துக்கு விலங்கு மாட்டியிருப்பார்கள்.

அந்த இயந்திரம் யானைக்குட்டி கனம். ‘ற’ அடிக்க விரல் மட்டும் போதாது, தோள்பட்டையும் சேர்ந்து இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் அதை அடித்து அடித்து, மேசையின் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையில் குழி தோண்டியிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை காலை முதலாளி ஒரு கடிதத்தை வாலைப் பிடித்த எலி மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். புதிதாகப் பிடித்த வியாபாரி எழுதியிருந்தார். ‘தாங்கள் அனுப்பிய பன்னிரண்டு பெட்டிப் பூட்டுகளில் ஒன்றுகூடத் தங்கள் சாவிக்குத் திறக்கவில்லை. வரும் வாரக் கடைசியில் சரக்கு முழுவதும் திரும்பி வரும். இனி நமக்குள் கடிதம் வேண்டாம்.’

“சாவி ராவுற ஆறு பேரையும் வெளியில அனுப்பிட்டோம், மன்னிக்கணும்னு எழுது. அவருக்கு மனசு ஆறும்” என்றார் முதலாளி.

“அனுப்பிட்டீங்களாய்யா?”

“நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள அனுப்பிடுவேன்.”

அந்த ஆறு பேரில் ஒருத்தி கடிதக்காரியின் நாத்தனார். கடிதக்காரி பட்டறைக்குள் போனபோது அவள் அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடம் அரம் பிடித்த அவளுடைய கட்டைவிரலில் ரேகையே கிடையாது. எங்கே கைநாட்டு வைத்தாலும் வெறும் மைப்பொட்டுத்தான் விழும்.

“அண்ணி, ஒவ்வொரு சாவியையும் மூணு தரம் போட்டுத் திருகிப் பாத்துத்தான் டப்பாவுல போட்டோம். எங்க வீட்டுக்காரர் நாக்கு புரண்டாலும் புரளும், என் சாவி புரளாது.”

“தெரியும்டி. சாவியில ஒண்ணுமில்ல. எந்த டப்பா எந்தப் பெட்டிக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

பூட்டுகள் மரப்பெட்டியில் போகும், சாவிகள் தனியாகத் தகர டப்பாவில் போகும். வழியில் எவனாவது ஒரு பெட்டியையும் ஒரு டப்பாவையும் உருவினால் ஜோடி சேரக்கூடாது என்று எண்களையும் மாற்றி வைப்பார்கள். ஒன்றாம் டப்பாச் சாவிக்கு எட்டாம் பெட்டிப் பூட்டுதான் திறக்கும். அந்த விவரம் மட்டும் இரண்டு நாள் கழித்துத் தனிக் கடிதமாகப் போகும். பழைய வியாபாரிகளுக்கு இது மனப்பாடம்.

புதியவருக்கு அந்தக் கடிதம் போகவில்லை. கடிதக்காரி அடித்துக் கொண்டுபோய் வைத்ததை முதலாளிதான் தள்ளிவிட்டார். “ஒரு சரக்குக்கு எதுக்கு ரெண்டு கடிதாசி? தபால்தலை என்ன மரத்துலயா காய்க்குது?”

சரக்குக் கணக்கோடு வாசலில் நின்றிருந்த கிடங்குக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சூரியன் உதித்தாலும் ரசீது கேட்கிற ஆள்.

“இப்ப எழுதி என்னம்மா ஆகப்போகுது? கோவத்துல இருக்கிறவன் கடிதாசி படிப்பானா? சுருட்டிக் காது குடைவான். நாத்தனாருக்கு வேற இடம் பாரு, அதுதான் நல்லது.”

“படிப்பாருண்ணே.”

“படிச்சா மட்டும்? காகிதம் போய்ப் பூட்டைத் திறக்குமா?”

நாத்தனார் அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்ற ஐந்து பேரோடு அவளையும் கேட்டுக்கு வெளியே விட்டு, காவல்காரர் தாழ் போட்டார்.

கடிதக்காரி உட்கார்ந்தாள். ‘நீங்கள் தவறாகத் திறந்தீர்கள்’ என்று எழுதினால் வியாபாரி கிழித்துப்போடுவார். ‘நாங்கள் சொல்லத் தவறினோம்’ என்று எழுதினால் முதலாளி கிழித்துப்போடுவார். இரண்டு பேருக்கும் நடுவே ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம். அன்றைக்கு அவள் கசக்கி எறிந்த காகிதத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே நோட்டுப் போட்டிருக்கலாம். கோபக்காரர் நாலு வரிக்கு மேல் படிக்கமாட்டார் என்பது அவளுடைய இருபத்திரண்டு வருடக் கணக்கு. அதனால் நாலே வரிதான் அடித்தாள்.

‘தங்கள் கோபம் நியாயமானது. சரக்கைத் திருப்புமுன் எங்களுக்காக ஒரே ஒரு சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றாம் டப்பாச் சாவியை எட்டாம் பெட்டிப் பூட்டிலும், இரண்டாம் டப்பாவை ஒன்பதிலும் போட்டு, இப்படியே பன்னிரண்டாம் பெட்டி முடிந்ததும் ஒன்றிலிருந்து தொடரலாம். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு தங்களைப் போன்ற நல்லவரைச் சிரமப்படுத்தியதற்கு வருந்துகிறோம்.’

முதலாளி இரண்டு தரம் படித்தார். “ஆளுங்களை அனுப்பினதைக் காணோம். தப்பு யாருதுன்னும் போடலையே?”

“போடலைங்கய்யா. போட்டா அது கீழ உங்க கையெழுத்து வரணுமேன்னுதான்.”

முதலாளியின் காது மடல் சிவந்தது. பேனாவை எடுத்தார்.

கடிதம் போக நாலு நாள், பதில் வர நாலு நாள். அந்த எட்டு நாளும் ஆறு பெண்களும் காலைச் சங்கு ஊதும்போது கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள், மாலைச் சங்குக்குத் திரும்பிப் போனார்கள். நாத்தனார் இரும்புக் கம்பி வழியாகக் கூப்பிட்டு, “அண்ணி, தபால்காரர் செருப்பு அறுந்துபோச்சா? கேளுங்க, நான் தச்சுக் குடுக்கறேன்” என்பாள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கேலியையும் நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதலாளி எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, கேட்டையும் திறக்கச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

‘ஒரு சாவியைத்தான் திருப்பினோம். பிறகு நிறுத்த மனம் வரவில்லை. மத்தியானம் முடிவதற்குள் எல்லாப் பூட்டும் திறந்துவிட்டன. கடைப்பையன்கள் கைதட்டினார்கள், அடுத்த கடைக்காரர் ஓடி வந்தார். இன்னும் இருபது பெட்டி அனுப்பவும். நாற்பது வருட வியாபாரத்தில் இப்படியொரு கடிதம் எனக்கு வந்ததில்லை. அதை எழுதிய கைக்கு என் வணக்கம்.’

முற்றத்தில் எழுந்த சத்தத்தில் கூரைத் தகரம் இரண்டு விரற்கடை உயர்ந்து மறுபடி உட்கார்ந்தது. நாத்தனார் அரத்தை இடுப்பிலிருந்து உருவி, வாள் மாதிரி சுழற்றினாள். கடிதக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிடம் அவள் இரண்டு ஆள் உயரம்.

முதலாளி தன் வலது கையை மெல்லத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். சத்தம் அடங்கியது.

“உடனே பதில் அடிம்மா. ‘என் கைக்குச் சொன்ன வணக்கத்துக்கு நன்றி’ன்னு. அப்புறம், இவங்க வேலைக்கு வரட்டும், வெளியில நின்ன எட்டு நாளையும் லீவுன்னு பதிவுல போட்டுடு.”

கடிதக்காரி உள்ளே போனாள். இயந்திரத்தில் காகிதம் ஏறுகிற சத்தம் முற்றம்வரை கேட்டது. ஆறு பெண்களும் பட்டறைப் பக்கம் நடந்தார்கள்.

கிடங்குக்காரர் மட்டும் நகரவில்லை. வாயிலிருந்த பென்சிலை எடுத்தார்.

“ஐயா, நடக்காதுன்னு சொன்னவன் இங்க நான் ஒருத்தன்தான். காகிதம் பூட்டைத் திறக்காதுன்னேன். திறந்துடுச்சு. ஒத்துக்கறேன். ஆனா தூக்கிக் காட்ட வேண்டிய கை உள்ள மெஷின்ல தட்டிக்கிட்டு இருக்குதுங்க.”