முகம் பொருந்தாத பிள்ளைக்கு ஒரு கிண்ணம்

1
இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்மணிகளே. கதை உண்டு. ஆனால் அது என் சொந்தச் சரக்கல்ல. காபேஸ் ஊரிலிருந்து ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் பலர் சேர்ந்து போகும் வாடகை வண்டியில் பொறுக்கியது. பக்கத்து இருக்கையில் ஒரு கறுத்த பெண், பெயர் மஸ்ஊதா. மடியில் ஒரு கண்ணாடி ஜாடி. எண்ணெயா என்று கேட்டேன்.

"ஜ்ரீர், பெரியம்மா. பிள்ளை பொறந்த வீட்டுல குடுப்போமே, அது."

எள்ளும் கொட்டையும் வறுத்தரைத்து, வெண்ணெயும் தேனும் விட்டுக் கிளறியது. நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். (நீங்களும் பார்த்தீர்கள். மறைக்காதீர்கள்.)

2
எழுத உட்கார்ந்தேன். 'அனாதை இல்லத்தின் ஜன்னலோரம் ஒரு குழந்தை ஏக்கத்தோடு...'

வேண்டாம். அந்தக் குழந்தை இல்யேஸுக்கு இரண்டு வயது. அவன் ஏன் எனக்காக ஜன்னலோரம் ஏங்க வேண்டும்? அவன் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான்.

'நிறம் என்பது மனிதன்...'

இதுவும் வேண்டாம். கொட்டாவி விடுகிறீர்கள்.

நேராகவே சொல்கிறேன். மஸ்ஊதாவும் அவள் கணவன் பஷீரும் பல மாதங்களாக ஸ்ஃபாக்ஸ் இல்லத்துக்குப் போய்வருகிறார்கள். பஷீர் ரயில் ஓட்டுபவன். பேச்சுக்கும் அவனுக்கும் வெகுதூரம். அவன் உள்ளே நுழைந்ததும் இல்யேஸ் ஓடிவந்து அவன் கோட்டுக்குள் ஒளிந்துகொள்வான். பிள்ளைக்குத் தேன்நிற முடி, பச்சைக் கண்; இவர்கள் இருவரும் கறுப்பு. அங்கேதான் சிக்கல். பிள்ளையைத் தத்துக் கொடுக்கும்போது முகம் பொருந்துகிறதா என்று பார்ப்பது அந்த அலுவலக வழக்கம். யாரும் 'இது யார் பிள்ளை' என்று கேட்டுவிடக் கூடாதாம்.

3
பொறுப்பாளர் நாஜியா அம்மாளை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். மெல்லிய உதடு, இரும்புக் குரல். அந்த வரியை அடித்துவிட்டேன். மஸ்ஊதா சொன்ன நாஜியா, முழங்கால் வலியோடு குனிந்து பிள்ளைகளுக்குச் செருப்பு வார் மாட்டுபவள்.* அவள் பயமும் பொய்யல்ல.

"சந்தையில போலீஸ் நிறுத்தி, புள்ளைய எங்கேருந்து தூக்கிட்டு வந்தேன்னு கேட்டா என்னம்மா சொல்லுவே? உங்க நிறத்துல ஒண்ணு வரும். பொறுத்துக்கோ."

"போன வருஷம் ஒரு வெள்ளத்தோல் வீட்டுக்குக் கறுத்த பொண்ணைக் குடுத்தீங்க. அங்க முகம் பொருந்துச்சா? ஊரே புண்ணியம்னு சொல்லுச்சு. எங்க கைக்கு வந்தா மட்டும் திருட்டா?"

நாஜியா குனிந்து அடுத்த செருப்பின் வாரை மாட்டினாளாம். இன்று தன் பரிந்துரையைச் சொல்லுவாள். அவள் மறுத்தால் இல்யேஸ் வேறு வீட்டுக்குப் போய்விடுவான். அதற்குத்தான் இந்தப் பயணம். பஷீர் முன்னதாகவே இல்லத்துக்குப் போய்விட்டான்.

*நல்லவர்கள் செய்யும் தவற்றை எழுதுவதுதான் கஷ்டம். நம் சாயல் வந்துவிடுகிறது.

4
ஸ்ஃபாக்ஸில் மஸ்ஊதா இறங்கிப் போய்விட்டாள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

பிள்ளை வருமுன் ஜ்ரீர் கிளறினால் கண்ணேறு படும் என்று மாமியார் ஏசியிருக்கிறாள். இவள் கேட்கவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து நாஜியாவின் மேசையில் வைக்கிறாள். ஜ்ரீரை மறுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நாஜியா ஒரு கரண்டி வாயில் போடுகிறாள். போட்டதும், ஆயுள் முழுக்கப் பிள்ளை பெற்ற வீடுகளில் ஜ்ரீர் தின்று பெற்றவர்களை வாழ்த்திப் பழகிய நாக்கு தானாகவே ஓடிவிடுகிறது.

"உங்க நிழல்ல பெருமையா வளரட்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைக்கிறது. பஷீரின் கோட்டுக்குள் எதுவோ நெளிகிறது. பேசாத பஷீர் பேசுகிறான்.

"ஆமீன்."

5
அதற்குப் பிறகு? நாஜியா பேனாவை எடுக்கிறாள் என்று எழுதினேன், அதிகம் இனித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "பழக்கதோஷம்மா, மனசுல வச்சுக்காதே" என்கிறாள் என்று எழுதினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். இறங்குமுன் மஸ்ஊதா எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள். தின்றேன். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

இதோ, ஜாடி உங்கள் பக்கம் வருகிறது. நாஜியாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கரண்டி தின்னுங்கள். உங்கள் வாய் என்ன சொல்கிறதோ, அதன்பின் உங்கள் கை என்ன செய்கிறதோ, அதுதான் முடிவு.

என் பங்குக்கு நான் சொல்லிவிடுகிறேன்: எந்த நிறத்தில் வந்தாலும், எந்த வாசல் வழியாக வந்தாலும், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் நிழலில் பெருமையாக வளரட்டும்.