நாலு மணிக் கரண்டி

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவளுடைய கை தன்னால் கரண்டியைத் தேடிப் போயிற்று. கேக் கடையின் பின்கட்டில், மாலை வியாபாரத்துக்கான கிரீம் ஒவ்வொரு முறையும் அடித்து முடிந்ததும் ஒரு கரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பது அவளுடைய பதினோரு வருடப் பழக்கம். முதலாளி யாரையும் வாய்விட்டுப் பாராட்டாத மனிதர். அவரே, "அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேக்கை முன்பக்கம் அனுப்புவார்.

இப்போது ஏழாம் மாதம். பிள்ளையோடு சர்க்கரையும் சேர்ந்து வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கையில் ஒரு சென்சாரை ஒட்டி, போனில் ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்தார்கள். "உங்க உடம்பு எப்படி நடந்துக்குதுன்னு இது கத்துக்கும். சாப்பிடறத மட்டும் மறைக்காம எழுதுங்க" என்றாள் நர்ஸ். அவளும் அரை ஆப்பிளை அரை ஆப்பிள் என்றே எழுதினாள். அப்படியும் தினமும் நாலு மணிக்கு மேல் சர்க்கரை ஏறியது. இந்த உடம்பின் சுபாவமே இதுதான் போல என்று ஆப் முடிவுகட்டி, மதிய இன்சுலின் ஊசியில் இரண்டு யூனிட் கூட்டச் சொன்னது. டாக்டரும் சரி என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு நாலரை மணிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. கணவன் ஓடிவந்து பழச்சாறு கொடுத்தான். நடுக்கம் நின்றது. ஆனால் தினமும் அந்த நேரத்தில் உதைக்கும் பிள்ளை அசையவே இல்லை. ஆஸ்பத்திரியில் அதன் இதயத் துடிப்பைக் காதால் கேட்கும்வரை அவளுக்கு உயிரே இல்லை.

நர்ஸ் போனைப் பார்த்தாள். "இன்னிக்கு என்ன சாப்பிடாம விட்டீங்க?"

"எதையும் விடலயே சிஸ்டர்."

"அப்போ மத்த நாள்ல என்ன சாப்பிடறீங்க?"

"கடையில கிரீம் ருசி பார்ப்பா" என்றான் கணவன்.

"அது சாப்பாடு இல்லீங்க. அது வேலை" என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது.

"எத்தனை கரண்டி?"

"ஆறு, ஏழு இருக்கும்."

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கூட்டிய இரண்டு யூனிட்டையும் டாக்டர் எடுத்துவிட்டார். "பழச மறக்க அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும்" என்று நர்ஸ் ஆப்பைப் பற்றிச் சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு இன்றுதான் முதல் வேலை நாள். தேடி எடுத்த கரண்டியைக் கேக்கில் பூ வைக்கும் தோழியிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் தோழி, நாக்கைச் சப்புக்கொட்டி.

"நல்லாத்தான்னா? இனிப்பு போதுமா, கம்மியா?"

"கொஞ்சம் கம்மி மாதிரி."

"மாதிரின்னு சொன்னா நான் எவ்வளவு போடறது?" என்றவள் கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு சொட்டுப் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். நாக்கு ஊறியது. கிண்ணத்தைத் தோழியின் பக்கம் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

போனில் ஆப் எதிர்பார்க்கும் புள்ளிக்கோடு வழக்கம்போல நாலு மணியில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய நிஜக் கோடு கீழே நேராகப் போயிற்று. வயிற்றில் கை வைத்தாள். நாலு பத்து. நாலேகால். உள்ளே இருப்பதும் கரண்டிக்குத்தான் காத்திருக்கிறதோ என்று பயமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள் தோழி, சர்க்கரை டப்பாவோடு.

அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்னக் குதிகால் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.