ஷாரோன் முடிக்காத வரிகள்

தண்டலத்தருகே லாரி மோதி ஷாரோன் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் அழித்துப் புது ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரகடம் அலுவலகத்தில் உத்தரவு வந்துவிட்டது. பக்கத்து இருக்கையிலிருந்த முத்துச்செல்விக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒன்றுதான். இரும்புத் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷின் தானாக நின்றுவிடும்படி ஷாரோன் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது. அது அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை.

அதை எடுத்துவைக்க அனுமதி கேட்டு டீம் லீட் கார்முகிலிடம் போய் நின்றாள்.

"அரைகுறைய எடுத்து இன்னா பண்ணப்போற? புதுசா எழுதிக்கலாம்மா."

"எழுதலாம்ண்ணே. ஆனா அவ யோசிச்சு வச்சிருக்கதெல்லாம் அழிஞ்சு போயிருமே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சாயந்தரத்துக்குள்ள எடுத்துக்கோ. மெஷின்ல இப்ப ஓடுற மெயின் பிராஞ்ச்ல மட்டும் கலந்துறாத. ஃபேக்டரி லைனே நின்னுடும்."

ஷாரோனின் நாற்காலியில் உட்காரக் கூசியது. நின்றபடியே, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளில் தனி பிராஞ்ச் ஒன்றைத் தொடங்கி, மாற்றங்களை அதில் பதிந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் ஷாரோனின் பெயரும் அன்றைய தேதியும் தானாக வந்து விழுந்தன. போனவள் இன்றைக்கு வந்து வேலை பார்த்ததுபோல இருந்தது. முத்துச்செல்வியின் கை நின்றுவிட்டது. தன் பெயரைப் போட்டுவிடுவது சுலபம். ஆனால் அதில் ஒரு வரிகூட தன்னுடையது இல்லை. பெயரை அப்படியே விட்டுவிட்டு, 'ஷாரோன் எழுதியது, முடியவில்லை. ஏற்றியது முத்துச்செல்வி' என்று ஒரு குறிப்பு சேர்த்து சர்வருக்கு அனுப்பினாள்.

பிறகு தன் கணினியில் இறக்கிப் பார்த்தாள். பாதியில் அறுந்த கடைசி வரி உட்பட எல்லாம் வந்திருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஓடவில்லை. ஓடாது என்று தெரிந்ததுதான். அதன்பிறகே ஷாரோனின் லேப்டாப்பை மூடி ஒப்படைத்தாள்.

மிச்சத்தை எழுத மாதக்கணக்கில் ஆனது. ஷாரோன் ஏன் இப்படிச் செய்தாள் என்று சில இடங்களில் திண்டாடினாள். கேட்க ஆளில்லை.

சோதனை நாளில், பிரஸ் ஓட்டும் எல்லப்பன் கைக்குப் பதிலாக ஒரு மரச்சட்டத்தை உள்ளே நீட்டினார். இறங்கிக்கொண்டிருந்த இரும்பு நடுவிலேயே நின்றது.

"ஜோரா நிக்குது மேடம்! நீங்களா எழுதுனீங்கோ?"

"மொதப் பாதி ஷாரோன் எழுதுனா. மிச்சம் நான்."

"அவங்களையும் இட்டுகினு வந்திருக்கலாமே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். எல்லப்பன் சட்டத்தைக் கீழே வைத்தார். மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவங்க பேரு இன்னான்னு சொன்னீங்க?"

"ஷாரோன்" என்றாள் முத்துச்செல்வி.