முதல்தரப் பழங்கள்

அன்று காலை ஏழு மணிக்கு என் மனைவி எங்கள் பழக்கடையின் பின்னறையில் நின்று ஓர் அன்னாசியை முகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் அமுங்கிய பழம்.

"இதை வெளிய வைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு. அதுக்கு ஆச்சு."

"உங்க அண்ணன் வாயில விழுறதுக்குன்னே பழம் அழுகுது."

"அழுகலங்க, கனிஞ்சிருக்கு. இத்தனை வருசம் கடை வச்சு என்ன பிரயோசனம்" என்று சொல்லி, அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா மூச்சிரைக்க வந்து கடை வாசலில் நின்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய அண்ணன் அன்றைக்கே வந்தார்.

அவர் சுகாதார ஆய்வாளர். கடைகளில் அடிபட்ட பழத்தைக் கண்டால் அள்ளி, ஃபினாயில் ஊற்றிக் குப்பையில் கொட்டுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். உறவுக்காரன் கடை என்பதால் என் பக்கம் மட்டும் வேறு அதிகாரியை அனுப்பச் சொல்லிவிடுவார். அவ்வளவு நேர்மை. அந்த நேர்மையான மனிதர் இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் வீட்டு விருந்துகளில் அடிபட்ட பழத்தைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுவிட்டு, "என் தங்கச்சி முதல்தரப் பழம் தவிர தொட மாட்டா" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவந்தார்.

அவள் செய்தது பெரிய வித்தையொன்றும் இல்லை. கறுத்த வாழைப்பழம், அமுங்கிய அன்னாசி, கொத்திலிருந்து உதிர்ந்த திராட்சை. விற்காமல் தங்கியவை. கெட்ட இடத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை தூவி ஐந்து நிமிடம் அடுப்பில் வைப்பாள். தண்ணீர் வேண்டாம், பழம் தன் சாற்றிலேயே வேகும். எலுமிச்சை பிழிந்து ஆறவைத்து, கெட்டித் தயிர் மேல் ஊற்றுவாள். எங்கள் மகள் எழுவதற்கு முன்பே நறுக்கும் வேலை முடிந்துவிடும். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும். நான் போன பிறகும் வாயத் திறக்காதீங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

அவள் போய் ஓராண்டு ஆன நாளில் எல்லோரும் எங்கள் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டோம். ஆய்வாளர் ஒரு பெட்டியோடு வந்தார். பழம் ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் சுற்றியிருந்தது. ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை. அவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, மகள் நறுக்கி அடுப்பில் ஏற்றினாள்.

பதினோரு பேர் ஆளுக்கொரு கிண்ணம் எடுத்தார்கள். அன்னாசி நார் நாராகப் பல்லில் சிக்கியது. வாழைப்பழம் மாவுக்கட்டி போல இருந்தது. "நல்லாருக்கு" என்று அவர் மனைவி சொன்ன விதத்திலேயே எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, எதையோ மறைக்கிறீங்க" என்றார் ஆய்வாளர்.

"மறைக்க என்ன மச்சான் இருக்கு? அவ கைப்பக்குவம்."

"கைப்பக்குவம்னு சொன்ன ஆளுங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். சாம்பிள் எடுத்து அனுப்பினா பத்து நாள்ல குட்டு வெளிப்பட்டுடும்."

மகள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா செஞ்ச ருசி எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது. போன மாசம் வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்தானே?"

போனவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். இருப்பவள் இதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்டதில்லை. தயிர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பின்வாசல் வழியாகத் திரும்பிவந்து பையைப் பிரித்தேன். மகள் கறுத்த பழங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுலயா?"

"இதுலதான்."

"எப்பவுமேவா?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

"மாமாவுக்கும்?"

"அவருக்குத்தான் அதிகம்."

அவள் கத்தியை எடுத்து, அமுங்கிய இடத்தைச் செதுக்கத் தொடங்கினாள். "கதவைச் சாத்துங்கப்பா. தோலைப் பழைய பேப்பர்ல சுத்தி வைங்க, நீங்க கடைக்குப் போகும்போது மாமா கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். குரல் அவளுடையது. அதிகாரம் அவள் அம்மாவுடையது.

மகள் மறுபடி கொண்டுவந்த கிண்ணத்தில் ஆய்வாளர் முதல் வாய் எடுத்ததும் பேச்சை நிறுத்தினார். கிண்ணத்தைக் காலி செய்து, இன்னொன்று வாங்கி, அதையும் முடித்த பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? கொஞ்சம் ஊறினதும் என் பழம் வேலையைக் காட்டிருச்சு. நல்ல பழத்துக்கு நேரம் கொடுக்கணும். என் தங்கச்சிக்கு அது தெரியும்."

"ஆமா மாமா, அம்மா நேரம் கொடுத்துதான் செய்வாங்க" என்றாள் மகள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்தேன். கொக்கியில் தொங்கிய வாழைத்தாரில் மேல் சீப்புதான் முதலில் பழுத்திருந்தது. அதை வெளியே வைக்காமல், கறுக்கட்டும் என்று மகளுக்காகப் பின்னறையில் எடுத்து வைத்தேன்.