முகம் தெளிய ஒரு காட்

“காட் மாத்தினாத் தெளியும் மாமி” என்று ஜெயந்தன் சொன்னது பச்சைப் பொய். சொல்லும்போதே அவனுக்கு அது தெரியும். சீதேவிப்பிள்ளை மாமி அதை அப்படியே நம்பினாள். கல்குடாவில் கொம்பியூட்டரைப் பற்றி ஜெயந்தன் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் அது. கட்டாரில் இருந்த மகன் நிலோஜன், தாயின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரை வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தான். அதை வயர் பொருத்திப் பூட்டிக் கொடுக்க வந்தவன்தான் ஜெயந்தன். வாழைச்சேனையில் வீடியோக் கடை வைத்திருப்பவன், கொம்பியூட்டரும் திருத்துவான். வேலை முடிந்து எழும்பப் போனவனை மறித்து, மாமி அலுமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு சீடியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்தச் சீடியை ஜெயந்தனுக்கு நன்றாகத் தெரியும். மாமியின் அண்ணன் மகள் விதுர்ஷா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு. சுனாமிக்கு மூன்று மாதம் முந்தி அவனே எடுத்தது. அதில் ஓர் இடத்தில், ஒன்பது விநாடி, ஆலாத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு மாமியின் மகள் நிருஷா நிற்பாள். பதினாலு வயது. கடல் அவளைக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. மட்டக்களப்பு டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தப்பிக் கிடந்த இந்தச் சீடிதான் மிச்சம்.

டீவியில் போட்டால் பிள்ளை தூரத்தில் நிற்பாள், முகம் மட்டுமட்டாகத் தெரியும். கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று மாமி ஆசைப்பட்டாள். பெரிதாக்கியதும் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

“ஏன் தம்பி இப்படி உடையுது?”

உண்மையான பதில் சின்னது. சீடியில் நெருக்கிப் பதிந்த படத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. முகம் முழுசாக இருந்தது முதலில் எடுத்த டேப்பில். அந்த டேப்பைப் பற்றிக் கதை எழும்பினால் ஜெயந்தன் மாட்டிக்கொள்வான். அதனால்தான் பழியைத் தூக்கிக் கொம்பியூட்டரின் தலையில் போட்டான். உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் காட் பத்தாது, நல்லதாக ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்றான்.

டேப்பின் கதை இதுதான். வீடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீடி அடித்துக் கொடுத்ததும் டேப்பைக் கொஞ்ச நாள் ராக்கையில் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் அதன்மேலேயே அடுத்த கலியாணத்தை எடுப்பார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் சுனாமி வந்து மூன்றாம் மாதம், தொண்டு நிறுவனக்காரர் ஒருவர் மீன்பிடிக்கிறவர்களுக்குப் போட் கொடுக்கிற விழாவை எடுக்கச் சொல்லி ஜெயந்தனின் கடை வாசலில் வாகனத்தை நிறுத்திக் கோர்ன் அடித்தார். அந்த நாட்களில் புது டேப் எங்கும் இல்லை. ராக்கையில் கை வைத்தான். ‘விதுர்ஷா சாமத்தியவீடு, கல்குடா’ என்று அவன் கையெழுத்தே அவனைப் பார்த்தது. அதில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கோர்ன் திரும்பவும் அடித்தது. டேப்பைக் கமராவுக்குள் போட்டான்.

இரண்டு மாதம் கழித்து மாமி கடைக்கு வந்து டேப்பைக் கேட்டாள். “அது கடலோட போயிட்டு மாமி” என்றான். அந்த வருடம் எது காணாமல் போனாலும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவன் கடை பேப்பர் மில் பக்கம், கடலை விட்டு எவ்வளவோ உள்ளே. கடல் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோன கடல்மேலேயே தன் களவையும் ஏற்றிவிட்டோம் என்று அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமி சரி தம்பி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனை எங்கே கண்டாலும் சிரிப்பாள், வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பாள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் ஜெயந்தனுக்கு வியர்த்துவிடும்.

காட் வாங்க மாமியும் வருவேன் என்று நின்றாள். பெட்டியில் எந்தக் காட் பொருந்தும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதால், ஆட்டோவில் கொம்பியூட்டர்ப் பெட்டியைப் பழைய சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். முன்பு இறங்கி நடக்க வேண்டியிருந்த சோதனைச் சாவடியில் இப்போது ஆமிக்காரன் கையை மட்டும் அசைத்தான்.

ஓட்டமாவடியில் சரீப்பின் கடை. சரீப் பெட்டியைத் திறந்து, தூசை ஊதி, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“புது மாதிரிக் காட் பூட்டுற இடம் இரிக்கி. நல்ல காலம். என்ன வேலைக்கி அக்கா? கேமுக்கா, படத்துக்கா?”

“என்ட மகள்ட முகம் பாக்க.”

சரீப் ஜெயந்தனைப் பார்த்தார். ஜெயந்தன் சுவரில் தொங்கிய வயர்களைப் பார்த்தான். மாமியே சீடியின் கதையைச் சொன்னாள். சரீப் கேட்டு முடித்து, கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“இது ஐந்நூத்திப் பன்னிரண்டு எம்பி. சின்ன ஃபேன், சத்தம் வராது. உங்கட பெட்டிக்கி இது தாராளம். மத்தது ஒரு ஜீபி. அதப் போட்டா பவர் சப்ளையையும் மாத்தணும், பழசு தாங்காது. ஆனா ஒண்டு சொல்றன் அக்கா, குறை நினைக்காதீங்க. சீடியில இல்லாதத எந்தக் காட்டும் கொண்டு வராது. எடுத்த டேப்பு இருந்தா அது வேற கதை. அதுல இருந்து திரும்ப ஏத்தினா கன்னத்து மச்சமும் தெரியும்.”

ஜெயந்தனுக்குக் காது இரண்டும் சுட்டது. இந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தான்தான். “பெரிசையே எடுப்பம்” என்றான். வெட்கம் வந்தால் சில பேர் தலையைக் குனிவார்கள், சில பேர் ஓடுவார்கள். ஜெயந்தன் ஒரு ஜீபி எடுப்பான்.

“என்னத்துக்கு ஜெயந்தன்? சின்னது போதும் எண்டுறன்” என்றார் சரீப்.

மாமி இடையில் புகுந்தாள். “டேப்பில இருந்து ஏத்துறதெண்டா எது நல்லம்?”

“பெரிசு எதையும் தாங்கும் அக்கா.”

“அப்ப பெரிசத் தாங்க.”

டேப் கடலோடு போய்விட்டது என்று சொல்லியாகிவிட்ட பிறகு மாமி ஏன் இதைக் கேட்கிறாள் என்று ஜெயந்தனுக்கு ஒரு கணம் ஓடியது. பாவம், விளங்காமல் கேட்கிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மாமி ஆட்டோவில் ஏறிய பிறகு சரீப் அவன் தோளைப் பிடித்தார். “அந்த மனுசிக்கி உள்ளதச் சொல்லிப்போட்டுப் பூட்டுங்க.” சொல்லுவேன் என்று தலையாட்டினான்.

வழியில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றும்போதும் சொல்லவில்லை. பவர் சப்ளையை மாற்றினான், காட்டை அமர்த்தித் திருகாணி போட்டான், வயரை இழுத்துப் பூட்டினான். கை வேலை செய்துகொண்டிருக்கும்வரை வாய்க்கு வேலையில்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. கொம்பியூட்டர் பெரிய இரைச்சலோடு எழும்பியது. சீடியைப் போட்டான். நிறங்கள் கொஞ்சம் பளிச்சென்று வந்தன. நிருஷா தட்டோடு வந்து நின்றாள். பெரிதாக்கினான்.

அதே சதுரங்கள்.

“முந்தியவிடக் கொஞ்சம்...” என்று தொடங்கியவனால் முடிக்க முடியவில்லை. தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது.

மாமி திரையைப் பார்க்கவே இல்லை. அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“காட்டும் போட்டாச்சு. இனி அந்த டேப்பத் தாங்க தம்பி.”

“அது கடலோட...”

“உங்கட கடைக்குத் தண்ணி வரல்ல தம்பி. கடலடிச்சு மூணு நாளும் நான் உங்கட கடைப் படியிலதான் இருந்தன். ரோட்டால வாற லொறியெல்லாம் பாத்துக்கொண்டு, பிள்ளை ஏதும் லொறியில வருவாளோ எண்டு. கதவு பூட்டிக் கிடந்த. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகல்ல.”

ஜெயந்தன் அந்த நாட்களில் மனைவி வீட்டில், உன்னிச்சையில் இருந்தான். தன் கடைப் படியில் யார் இருந்தார்கள் என்று அவன் ஒருநாளும் விசாரித்ததில்லை.

“நீங்க பொய் சொன்ன எண்டு நான் குறை நினைக்கல்ல” என்றாள் மாமி. “அது சண்டைக் காலம். அந்தச் சாமத்தியவீட்டுக்கு இயக்கப் பொடியன்கள் ரெண்டு பேர் சாப்பிட வந்தவங்க. அவங்கட முகமும் டேப்பில விழுந்திருக்கும். ஆமிக்காரன் கண்டா உங்களையும் கொண்டு போவான், எங்களையும் கொண்டு போவான். அதால எங்கயோ மண்ணுக்குள்ள தாட்டு வச்சிருக்கீங்க எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு. இஞ்ச எத்தனை பேர் அல்பத்தத் தாட்டு வச்சவங்க. நானும் வாயத் திறக்கல்ல. இப்ப எல்லாம் முடிஞ்சிட்டு. இனிப் பயமில்லத்தானே? காட் போடணும் எண்டு நீங்க சொன்னதும், சரி, தம்பி டேப்பக் கொண்டு வரத்தான் வழி பாக்கிறார் எண்டு நினைச்சன்.”

ஐந்து வருடமாகக் கொடுத்த தேத்தண்ணிக்கும் சிரிப்புக்கும் இப்போதுதான் அவனுக்கு அர்த்தம் தெரிந்தது. தன் பிள்ளையின் முகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறவன் என்று அவனை எண்ணி, அவள் நன்றியோடு காத்திருந்திருக்கிறாள். இப்போதும் தப்ப வழி இருந்தது. தாட்ட இடத்தை ஆமி கிண்டிவிட்டது என்று சொன்னால் போதும், அவளே அதையும் நம்புவாள். அந்த நினைப்பு தனக்கு வந்ததே என்றுதான் அவன் கூனிக் குறுகிப்போனான்.

“நான் தாட்டு வைக்கல்ல மாமி. அழிச்சிட்டன். அதுக்கு மேலால வேற படம் எடுத்திட்டன்.”

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. “ஆமிக்குப் பயந்தா?”

“இல்ல. ஒருத்தருக்கும் பயந்தில்ல. புது டேப் கிடைக்கல்ல. வாகனம் நிண்டு கோர்ன் அடிச்சது. ஆர்ட படம் எண்டு தெரிஞ்சுதான் எடுத்தன். பிள்ளை இல்லையெண்டும் தெரியும்.”

“என்ன எடுத்தீங்க?”

“போட் குடுத்த விழா.”

பெட்டிக்குள் புது ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. மாமி ஏசுவாள், அழுவாள், எழும்பிப் போ என்பாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கதிரையைத் திருப்பி, நின்றுபோயிருந்த படத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அப்ப இவ்வளவுந்தானா?”

“ஓம் மாமி.”

“நல்ல படம் வரும் எண்டுதான் நான் பிள்ளைக்குப் படம் மாட்டல்ல. அஞ்சு திவசத்துக்கும் வெறும் விளக்க மட்டும் வச்சுத்தான் படைச்ச நான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரைக்குக் கிட்டப் போய், ஒரு விரலால் அந்தச் சதுரங்களைத் தொட்டாள். “இதையே எடுத்துப் பிறேம் போட்டுத் தாங்க தம்பி. சின்னதாப் போடுங்க. சின்னதாப் போட்டா முகம் உடையாதுதானே?”

உடையாது. சின்னதாக வைத்தால் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும். முதல் நாள் அவள் கேட்டபோதே அவன் அதைச் சொல்லியிருக்கலாம்.

“ஓம் மாமி, உடையாது” என்றான் ஜெயந்தன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.